புராஜெக்ட் எங்கே மாட்டிக்கொண்டது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஜனவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்கு இறுதியாண்டு மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி, இரண்டு அறை, எட்டுப் பேர். அவ்வளவுதான் எங்கள் சாப்ட்வேர் கம்பெனி. நிஜமான வாடிக்கையாளருக்குச் செய்த புராஜெக்ட் என்றால் கல்லூரியில் மதிப்பு அதிகம். அதனால் ஒரு கொலுசுப் பட்டறையையோ, ஜவ்வரிசி ஆலையையோ, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தையோ பிடித்துவிடுவார்கள். இரண்டாவது ரிவ்யூ நெருங்கும்போது, “அண்ணா, ஆப் சரியா வரலை” என்று வந்து நிற்பார்கள். லேப்டாப்பைத் திறப்பார்கள். நான் மூடச் சொல்வேன்.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிய வண்டி, அடிவாரத்துக்கு வந்ததும் பிரேக் பிடிக்காது. கோளாறு தெரிவது அடிவாரத்தில். அது நடந்தது மேலே, வளைவு வளைவாக. மாணவர் புராஜெக்டும் அதே மாதிரிதான். ரிவ்யூ அன்று திரையில் தெரிகிற தப்பு, ஆறு வாரத்துக்கு முன்னால் யாரோ யாரிடமோ கேட்காமல் விட்ட ஒரு கேள்வியாக இருக்கும். கீழே நான் அடிக்கடி பார்க்கிற அறிகுறிகள் இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் பொருந்துகிற இடத்தில் நுழைந்துகொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும், முதலில் மூன்று கேள்விகள்

கடைசியாக வாடிக்கையாளரிடம் நேரில் பேசியது யார், எந்தத் தேதியில்? அன்று முடிவானது எங்கே எழுதியிருக்கிறது? அந்த எழுத்தை டீமில் நாலு பேரும் பார்த்தார்களா, வாடிக்கையாளர் பார்த்தாரா?

முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். இரண்டாவதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். “வாட்ஸ்அப்புல இருக்கும்ணா” என்பார்கள். தேடினால் பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடைக்கும். அதில் பாதி பஸ் ஹாரன். மூன்றுக்கும் கைவசம் பதில் இருந்தால் உங்கள் சிக்கல் நிஜமாகவே கோடில் (code), அதாவது எழுதிய ப்ரோகிராமில்தான் இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்துகொள்ளலாம்.

அறிகுறி 1: “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார், அப்புறம் தொடவே இல்லை

டெமோ நன்றாகப் போனது. ஓனர் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து லாகின் பதிவைப் பார்த்தால் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை.

அந்தத் ‘தான்’ஐக் கவனியுங்கள். ‘நல்லா இருக்கு’ வேறு, ‘நல்லாத்தான் இருக்கு’ வேறு. இரண்டாவதில் ஒரு ‘ஆனா’ தொண்டையில் நிற்கிறது. படிக்கிற பிள்ளைகள், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் சேர்த்து வைத்திருக்கிற அகராதி இது:

‘பாத்துக்கலாம்’ என்றால் வேண்டாம், அல்லது இன்னும் யோசிக்கவில்லை.
‘உங்களுக்குத் தெரியாததா’ என்றால் எனக்குப் புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
‘பையன் வரட்டும்’ என்றால் முடிவெடுப்பவர் நான் இல்லை (அறிகுறி 5-ஐப் பாருங்கள்).
‘சரிங்க, செய்ங்க’ என்றால் கடையில் ஆள் நிற்கிறது, போனை வைக்க வேண்டும்.
‘இது எதுக்குங்க?’ என்று கேட்டால் மட்டும் சந்தோஷப்படுங்கள். ஆப்பை உண்மையாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சோதனை எளிது. அடுத்த தடவை நீங்கள் ஓட்டிக் காட்டாதீர்கள். போனை அவர் கையில் கொடுத்து, “நேத்து வந்த ஒரு வரவை நீங்களே ஏத்துங்க” என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் வாயை மூடி நில்லுங்கள். கஷ்டமாக இருக்கும். “அந்தப் பச்சை பட்டன்” என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு டீம் இப்படி நின்றபோதுதான் தெரிந்தது, ஆப்பைப் பயன்படுத்தப்போவது ஓனரே இல்லை. மூலையில் சிட்டையோடு உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை. அறுபது வயதுக்கு மேல். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தொழிலாளியைத் தேட மொபைல் எண் போட வேண்டும் என்று டீம் வைத்திருந்தது. அவருக்கு யாருடைய எண்ணும் தெரியாது. ஒரே வீட்டில் மூன்று தொழிலாளிகளுக்கு ஒரே போன் வேறு. சிட்டையில் அவர் எழுதியிருந்தது ‘குகை மணி’, ‘மெருகு மணி’, ‘சின்ன மணி’. அந்தப் பெயர்களையே தமிழில் தட்டித் தேடும்படி மாற்றினார்கள். ஒரு மதியம் வேலை. மறுநாளிலிருந்து பதிவுகள் வர ஆரம்பித்தன.

அறிகுறி 2: “நாங்க கேட்டது இது இல்லையே”

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதி புராஜெக்ட் இங்கேதான் விழுகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. முதலாளி வெள்ளியைக் கொடுத்தனுப்புவார். தொழிலாளிகள் அதைக் கொலுசாக்கித் திருப்பித் தருவார்கள். யாரிடம் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்பதுதான் கணக்கு. டீம் இதை ‘கொடுத்தது, வந்தது, மீதி’ என்று மூன்று கட்டமாகப் புரிந்துகொண்டது. லைப்ரரியில் புத்தகம் கொடுத்து வாங்குகிற மாதிரி.

டெமோ அன்று முதலாளியே சிட்டையிலிருந்து ஒரு வரியைப் படித்தார். கொடுத்தது 2,000 கிராம். வந்தது 2,400 கிராம். திரையில் சிவப்பு எழுத்தில் மீதி −400 என்று வந்தது. அதாவது முதலாளி தொழிலாளிக்கு 400 கிராம் வெள்ளி பாக்கி. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “தம்பி, இப்படியே போனா பட்டறையை அவர் பேருக்கே எழுதிக் குடுத்துட்டு நான் அவர்கிட்ட வேலைக்குப் போகணும்.”

நடந்தது இதுதான். கொடுத்தது சுத்த வெள்ளி. வந்தது செம்பு கலந்த கொலுசு, 80 டச். 2,400 கிராமில் 80 சதவீதம், அதாவது 1,920 கிராம்தான் வெள்ளி. ஆகத் தொழிலாளியிடம் நிற்பது 80 கிராம். அதில் சேதாரம் கழிக்க வேண்டும். சேதாரம் 2 சதவீதம் என்று டீம் குறித்து வைத்திருந்தது. சரி, எதன் மேல் 2? கொடுத்த 2,000-த்தின் மேல் என்றால் 40 கிராம். வந்த 2,400-இன் மேல் என்றால் 48 கிராம். அந்தப் பட்டறையில் வந்த எடையின் மேல்தான். பக்கத்துத் தெருவில் வேறு வழக்கமாக இருக்கலாம். ஒரு வரிக்கு 8 கிராம் வெள்ளி இடிக்கிறது என்றால் எந்த முதலாளி சும்மா இருப்பார்?

முதல் சந்திப்பின் நோட்டைப் புரட்டச் சொன்னேன். டீமில் இருந்த பெண் ‘டச் 80??’ என்று இரண்டு கேள்விக்குறியோடு எழுதியிருந்தாள். அதை யாரிடம் கேட்டாய் என்றேன். பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டிருக்கிறாள். அவன், “டச் ஸ்க்ரீன் வேணும்னு சொல்றாருடி, 80 பேர் யூஸ் பண்ணுவாங்க போல” என்று அர்த்தம் சொல்லிவிட்டான். சிரிக்காதீர்கள். சந்தேகம் சரியான ஆளுக்கு வந்திருக்கிறது. கேட்கப்பட்ட ஆள்தான் தப்பு.

என்ன செய்வது? வாடிக்கையாளரின் பழைய சிட்டையில் மூன்று பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் அனுமதியோடு. கோடு எழுதுவதற்கு முன்னால் அந்த வரிகளை நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அவர் போட்ட மீதியும் நீங்கள் போட்ட மீதியும் ஒவ்வொரு வரியிலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வரி ஒத்துப்போகவில்லை என்றாலும் உங்களுக்குத் தெரியாத விதி ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது. அப்புறம் அந்த வரிகளே உங்கள் டெஸ்ட் கேஸ், அதாவது ஆப் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற கணக்கு. இதைவிட நல்ல டெஸ்ட் கேஸை உட்கார்ந்து யோசித்து எழுதவே முடியாது.

கூடவே ஒரு பக்கத்தில் சொல்பட்டியல். டச், சேதாரம், கூலி, இருப்பு, பற்று என்று அவர் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அவர் சொல்கிற பொருளும் ஒரு எண் உதாரணமும். இதில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். கையெழுத்து என்றாலே பத்திரம் என்று நினைத்துப் பின்வாங்குவார்கள். உரக்கப் படித்துக் காட்டுங்கள். தப்பான இடத்தில் அவரே நிறுத்துவார்.

போகிற போக்கில் ஒன்று: எடையைத் தசமப் புள்ளியோடு ஃப்ளோட்டாகச் சேமிக்காதீர்கள். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று சொல்லும். மில்லிகிராமாக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளைக்கு ஒரு புள்ளி இடித்தாலும் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் அவரை நம்பவைக்கக் கோடால் முடியாது.

அறிகுறி 3: கல்லூரியில் ஓடியது, அங்கே ஓடவில்லை

இதில் நானே விழுந்து எழுந்தவன். படிக்கும்போது ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு எங்கள் டீம் எடைக்கணக்கு ஆப் செய்தது. நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் எடுப்பார்கள். சாயங்காலம் ஆட்கள் மூட்டையோடு வந்து நிற்க, ஒவ்வொருவர் பழத்தையும் நிறுத்துப் பெயருக்கு நேரே எழுத வேண்டும். அந்தப் பழத்தை அன்றைக்கே பல்பரில் (பழத்தின் தோலை உரிக்கிற மெஷின்) விட்டாக வேண்டும். போட்டு வைத்தால் புளித்துவிடும். அதனால் எடை போடுவது நடுவில் நிற்கவே கூடாது. இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போனது அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதிய வெயிலில், பங்களா வராந்தாவில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, லேடீஸ் சீட் வியூ பாயின்டில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம்.

டிசம்பரில் ஆப்போடு போனோம். எடை போடுகிற களம் பங்களாவிலிருந்து ரொம்பக் கீழே. பனி இறங்கி ஆறு மணிக்கு முன்னாலேயே இருட்டு. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ‘சேமி’யை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் நாற்பது பேராவது இருக்கும், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு. மேஸ்திரி மூன்று பெயர் வரை பொறுத்தார். நாலாவதுக்குக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டைத் திறந்தார். கோபமே இல்லை. “கண்ணு, நீங்க இதை எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வாங்க. இவங்க வீட்டுக்குப் போய் அடுப்புப் பத்தவைக்கணும்.”

வைவாவில் (புராஜெக்டின் வாய்மொழித் தேர்வு) எங்களுக்கு நல்ல மார்க். அந்த ஆப்பை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

அதனால் என் விதி இது: வாடிக்கையாளர் வேலை செய்கிற இடத்தில், வேலை செய்கிற நேரத்தில், வேலை செய்கிற ஆள் பக்கத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். ஒரு வரி கோடு எழுதுவதற்கு முன்னால். பேச வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்தால் போதும். தொழில்நுட்பப் பக்கம் தீர்வு சாதாரணம்தான். பதிவை முதலில் போனிலேயே சேமி, சிக்னல் வந்ததும் அனுப்பு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு முழு டெமோவையும் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் மலையில் ஓடாது.

அறிகுறி 4: “90 சதவீதம் முடிஞ்சிருச்சு”, மூன்று வாரமாக

சதவீதத்தைக் கேட்காதீர்கள், சொல்லவும் சொல்லாதீர்கள். ‘முடிந்தது’ என்பதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. ஒருவனுக்கு எழுதிவிட்டேன், இன்னொருத்திக்கு என் லேப்டாப்பில் ஓடுகிறது, மூன்றாமவருக்கு மெர்ஜ் ஆகிவிட்டது, அதாவது டீமின் பொதுக் கோடோடு சேர்ந்துவிட்டது. வாடிக்கையாளர் கையில் ஓடியது என்ற அர்த்தம் யாருக்கும் கிடையாது. அந்த நாலாவது அர்த்தத்தையே எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, ‘எந்தெந்தத் திரை முடிந்தது’ என்று எண்ணுங்கள். 90 சதவீதம் சட்டென்று ஏழில் இரண்டு ஆகிவிடும். வயிற்றைக் கலக்கும், ஆனால் உண்மை.

அப்போது ஒரு யோசனை வரும்: பக்கத்து டீமில் நன்றாகக் கோடு எழுதுகிற ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாமே? வேண்டாம். தாமதமான சாப்ட்வேர் வேலையில் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய புராஜெக்டை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கும் எளிது. நாலு பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேசும் தடங்கள் 6. ஐந்து பேர் ஆனால் 10. ஒரு ஆள் கூடினார், தடம் நாலு கூடிவிட்டது. வந்தவனுக்கு டச் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கவே ஒரு வாரம் போகும். ஆளைச் சேர்ப்பதற்குப் பதில் திரையைக் குறையுங்கள். எதைக் குறைப்பது என்பதை வாடிக்கையாளரிடமே கேளுங்கள். ஆச்சரியமாக, அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

அறிகுறி 5: அப்பா ஒன்று சொல்கிறார், மகன் வேறு சொல்கிறார்

சேலத்தில் தொழில் என்றால் பெரும்பாலும் குடும்பத் தொழில். மகன் கோயம்புத்தூரில் எம்பிஏ படித்துவிட்டு வந்திருப்பார். டேஷ்போர்டு, கிராஃப், வாட்ஸ்அப் பில் எல்லாம் கேட்பார். அப்பாவுக்கு ராத்திரி கடை சாத்தும்போது ஒரே ஒரு எண் வேண்டும்: வெளியில் எவ்வளவு வெள்ளி நிற்கிறது? டீம் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வரும்.

இங்கே நீங்கள் பஞ்சாயத்து பண்ணப் போகாதீர்கள். உங்கள் வயதுக்கு அது எடுபடாது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் உட்காரவைத்து, திரைகளைத் தனித்தனித் தாளில் வரைந்து முன்னால் பரப்புங்கள். “இதுல மூணுதான் மார்ச்சுக்குள்ள முடியும். எது மூணுன்னு நீங்க ரெண்டு பேரும் எடுத்துக் குடுங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். அப்பாவும் மகனும் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒரு டீம் இதைச் செய்தபோது, அந்த அப்பா டேஷ்போர்டு தாளை எடுத்து மகன் பக்கம் தள்ளி, “இது அடுத்த வருசம்” என்றார். முடிந்தது. இதையே டீம் சொல்லியிருந்தால் மகனோடு பகை.

‘அப்படியே இதையும் சேர்த்துடுங்க’ என்று ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக ஒன்று கேட்கிற வாடிக்கையாளருக்கும் இதே தாள் வைத்தியம்தான். புதிய தாள் ஒன்று மேசைக்கு வந்தால் பழைய தாள் ஒன்று மேசையை விட்டுப் போக வேண்டும். முடியாது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, மேசையில் இடம் இருக்காது.

அறிகுறி 6: தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்தால் உடைகிறது

முதலில் பார்க்க வேண்டியது கோடை இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை. ஒரு டீமில் இரண்டு பேர் ஹாஸ்டல், இரண்டு பேர் ஆத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள். ஹாஸ்டல்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை செய்வார்கள். பஸ்காரர்கள் அப்போது தூங்கியிருப்பார்கள். ஆப்பைத் திறந்து பார்த்தால், வெள்ளி கொடுக்கும் பகுதிக்கு ஒரு தொழிலாளி பட்டியல், கூலி போடும் பகுதிக்கு வேறொரு தொழிலாளி பட்டியல். ஒன்றில் தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில். மற்றதில் மாதம் முன்னால். ஏப்ரல் 3-ஆம் தேதி கொடுத்த வெள்ளிக்கு மார்ச் 4-இல் கூலி போட்டிருந்தது.

ஒரு அமைப்பில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அந்த வடிவமே அவர்கள் செய்கிற பொருளிலும் வரும் என்று கணினித் துறைக்காரர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். ஆத்தூர் பஸ்ஸைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தீர்வு: பொதுவான டேட்டாபேஸ் டேபிள்களின் பெயர், புலங்கள், தேதி எழுதும் முறை எல்லாம் ஒரே தாளில், ஹாஸ்டலில் ஒருவரும் பஸ்ஸில் ஒருவரும் சேர்ந்து எழுதியதாக. தினமும் ஒரு தடவை மெயின் கிளையில் மெர்ஜ். வாரக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த வாரக் கடைசி முழுக்கப் போய்விடும். மதியச் சாப்பாட்டில் பத்து நிமிடம் நாலு பேரும் சேர்ந்து உட்காருங்கள். நேற்று என்ன, இன்று என்ன, எங்கே நிற்கிறது. உட்கார்ந்துகொண்டு பேசினாலும் குற்றமில்லை. இந்தத் தினசரிப் பேச்சுக்கு ஸ்டாண்டப் என்று பெயர் வைத்ததாலேயே நிற்க வேண்டும் என்று சட்டமா?

அறிகுறி 7: எல்லாம் ஒருவனுக்குத்தான் தெரியும்

குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் என்று அவன் ஊருக்குப் போவான். சர்வர் பாஸ்வேர்டும் அவனோடு போகும். அன்றைக்குத்தான் ஓனர் போன் செய்வார்.

கோடில் யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கிற கிட் (Git) பதிவைத் திறந்து யார் எத்தனை கமிட், அதாவது எத்தனை மாற்றம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முக்கால்வாசி ஒரே பெயரில் இருந்தால் நோய் உறுதி. சும்மா பகிர்ந்துகொடு என்றால் கேட்க மாட்டான். அவனுக்கு அது பெருமை, மற்றவர்களுக்கு அது சௌகரியம். அடுத்த ஒரு வாரத்துக்கு அவன் கீபோர்டைத் தொடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம், மற்றவர் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வையுங்கள். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும். பாஸ்வேர்டுகளை மட்டும் இன்றைக்கே இரண்டாவது ஆளிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அறிகுறி 8: குரூப்பில் ஒருவர் ‘ஓகே’ மட்டும் போடுகிறார்

யாரோ பொடி வைத்துப் பேசியிருக்கிறார்கள். “சிலர் மட்டும்தான் வேலை பார்க்கிறோம்” மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் போதும். வெள்ளிப் பட்டறையில் பொடி வைத்து ஊதினால் இரண்டு துண்டு ஒட்டும். டீமில் பொடி வைத்தால் ஒட்டியதும் பிரியும்.

இதை குரூப்பில் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு ஆள், நேரில், கேன்டீனில், “என்னடா ஆச்சு?” அதுவும் வேலையைப் பற்றி ஆரம்பிக்காமல். நான் பார்த்த வரை காரணம் சோம்பேறித்தனமாக இருப்பது அபூர்வம். தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், அல்லது எழுதிய கோடைக் கேட்காமலே யாரோ அழித்துத் திருத்திவிட்டார்கள். இரண்டுமே சரிசெய்யக் கூடியவை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோவது கடைசி. அங்கே போனால் மார்க் பற்றிய பேச்சாகிவிடும்.

அறிகுறி 9: வாடிக்கையாளர் போனையே எடுப்பதில்லை

நேரத்தைப் பாருங்கள். தோட்டத்துக்காரரைப் பழம் எடுக்கும் சீசனில் சாயங்காலம் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் நகைப் பட்டறைக்காரருக்கும் அப்படித்தான். முதல் சந்திப்பிலேயே “உங்களை எந்த நேரத்துல கூப்பிடலாம்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டீமிலிருந்து ஒரே ஆள் பேசுங்கள். நாலு பேர் நாலு எண்ணிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டால் யார்தான் எடுப்பார்?

கேள்வியையும் பாருங்கள். ‘ஆப் பத்தி ஃபீட்பேக் சொல்லுங்க சார்’ என்பது பரீட்சைக் கேள்வி. அவருக்குப் பதில் எழுத நேரமில்லை. இப்படி அனுப்புங்கள்: “அண்ணா வணக்கம். சேதாரம் வந்த எடை மேல 2 சதவீதம்னு வெச்சிருக்கோம். சரின்னா 1, தப்புன்னா 2 அனுப்புங்க.” இதற்குக் கல்லாவில் நின்றபடியே பதில் வந்துவிடும். ‘2’ என்று வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

அறிகுறி 10: வைவா முடிந்தது, மே மாதம் போன் வருகிறது

“தம்பி, ஆப் திறக்க மாட்டேங்குது.” இலவச ஹோஸ்டிங் காலாவதி ஆகியிருக்கும். டீமில் ஒருவர் சென்னை, ஒருவர் பெங்களூரு. உள்ளே மூன்று மாதக் கணக்கு கிடக்கிறது. இந்த அறிகுறிக்கு மே மாதத்தில் வைத்தியம் ரொம்பக் குறைவு. மார்ச்சிலேயே செய்ய வேண்டும். சர்வர், டொமைன் எல்லாம் முதல் நாளிலிருந்தே வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், அவர் பெயரில் இருக்கட்டும். வாரம் ஒரு தடவை மொத்தப் பதிவும் எக்செல் கோப்பாக அவருடைய கணினியில் இறங்கட்டும். ஆப் செத்தாலும் கணக்கு இருக்கும்.

இன்னொன்று, ஆப் வந்துவிட்டது என்பதற்காகச் சிட்டையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கணக்குப்பிள்ளை இரண்டிலும் எழுதட்டும். இரண்டு மீதியும் ஒரு மாதம் முழுக்க ஒத்துப்போன பிறகு எதை நிறுத்துவது என்று அவரே முடிவு செய்வார். நான் மேலே சொன்ன பட்டறையில் இன்னும் இரண்டிலும்தான் எழுதுகிறார். அந்த டீம் கிளம்பும்போது கொடுத்த ஒரு பக்கத் தாள் அவர் மேசை இழுப்பறையில், சிட்டைக்கு அடியில் இருக்கிறது. பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது, எக்செல் எங்கே இறங்கும், டச் மாறினால் எந்த இடத்தில் மாற்றுவது என்று பெரிய எழுத்தில் தமிழில். போன தடவை போனபோது எடுத்துக் காட்டினார். ஓரத்தில் அவரே பென்சிலால் இரண்டு திருத்தம் போட்டு வைத்திருக்கிறார்.